சிரிக்கத் துணை தேடும் பிள்ளை



மண்சரிவு, வெள்ளம், கலவரம் என்று எந்தக் காரணத்தால் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தாலும், முதலிலே ஒரு படிவம் வந்து சேருகிறது. வீடு, கூரைத்தகடு, ஆடு மாடு, மரக்கறிப் பாத்தி, மிளகுக்கொடி, பாத்திர பண்டங்கள், பிள்ளைகளின் கொப்பிகள் என்று இழந்தவற்றை எல்லாம் எழுதிக் கொடுக்கிறோம். பிள்ளை இழந்த ஒன்றுக்கு மட்டும் அந்தப் படிவத்திலே இடம் இருப்பதில்லை. பீலிக்கரையிலே தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்தில் நின்று சிரித்த கூட்டாளியைத்தான் சொல்கிறோம்.

கூரையே இல்லாத வேளையில் சிரிப்பைப் பற்றி ஒரு பாடமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனாலும், பெரியவர்கள் புதிய இடத்திலே காலூன்றுவதற்குக் காணியும் வேலையும் தேவைப்படுவதைப் போல, பிள்ளை காலூன்றுவதற்குத் தன்னோடு சேர்ந்து சிரிக்க ஒருவர் தேவைப்படுகிறார். புதிய பாடசாலையிலே எல்லாரையும் சிரிக்கவைக்கும் பிள்ளையைக் கண்டால், "அவன் நன்றாகச் சேர்ந்துவிட்டான்" என்று நாம் நிம்மதி அடைகிறோம். எப்போதும் அப்படி இருப்பதில்லை. அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று பார்க்கத் தெரிந்துகொள்வதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

எமது பகுதியிலே இடம்பெயர்தல்

கித்துல்கலையில் இருந்து ஏறி, கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஹட்டனுக்குப் போகும் பாதையின் இருபுறமும் வாழும் குடும்பங்களிடம் பேசிப் பார்த்தால், பலருக்கு வேறோர் ஊர்க்கதை இருக்கும். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. நீர் வற்றும் காலங்களில் அங்கிருந்த வழிபாட்டுத் தலங்களின் சிதைவுகள் இன்றும் வெளியே தெரிகின்றன. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டி விவசாயிகள் ஆனார்கள். யுத்தத்திலே அங்கிருந்தும் மறுபடி மறுபடி ஓட நேர்ந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தப்பியவர்கள் நீண்ட காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே தங்கவேண்டி இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மத்திய மலைநாடு முழுவதும் மண் சரிந்து, நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்த இடப்பெயர்வுகள் ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் ஊரை விட்டு வந்தபோது, அந்த ஊரிலே மட்டும் செல்லுபடியான பகிடிகளையும் விட்டு வந்தார்கள். பழைய லயத்திலே ஒரு கிழவரின் நடையைச் செய்து காட்டினால் எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். புதிய இடத்திலே அந்தக் கிழவரை யாருக்குத் தெரியும்? நடித்துக் காட்டிய பிள்ளைதான் வெட்கப்பட்டு நிற்கவேண்டும்.

சிரிப்புக்கு ஒரு துணை போதும்

அமெரிக்க ஆய்வாளர் றொபர்ட் புறொவைன் கடைத்தெருவிலும் நடைபாதையிலும் மனிதர் சிரிப்பதை ஆண்டுக்கணக்காகக் கவனித்து எழுதிவைத்தவர். தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது மனிதர் ஏறக்குறைய 30 மடங்கு கூடுதலாகச் சிரிக்கின்றனர் என்று அவர் கண்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிரிப்புகளிலே பெரும்பாலானவை எந்த நகைச்சுவைக்கும் பின்னால் வந்தவை அல்ல. "சரி, பிறகு பார்ப்போம்" என்பது போன்ற சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் வந்தவை. நகைச்சுவை சிரிப்புக்கு ஒரு சாட்டு மாத்திரமே. "நீயும் நானும் ஒரு பக்கம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே சிரிப்பின் முதல் வேலை.

சிறு பிள்ளைகளைக் கொண்டு செய்த இன்னோர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரண்டரை வயது முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளுக்கு வேடிக்கைப் படங்களைக் காட்டினார்கள்; ஒருமுறை தனியாக, ஒருமுறை இன்னொரு பிள்ளையோடு, ஒருமுறை கூட்டமாக. படம் எவ்வளவு வேடிக்கையாக இருந்தது என்று கேட்டபோது பிள்ளைகள் எல்லா முறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பைத்தான் கொடுத்தார்கள். ஆனால் தனியே பார்த்ததைவிடத் துணையோடு பார்த்தபோது எட்டு மடங்கு சிரித்தார்கள். இரண்டு பேராக இருந்தபோதும் கூட்டமாக இருந்தபோதும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

இடம்பெயர்ந்த பெற்றோருக்கு இதிலே ஒரு ஆறுதல் உண்டு. புதிய பாடசாலையின் முப்பது பிள்ளைகளும் உங்கள் பிள்ளைக்கு நண்பராகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவர் போதும். அந்த ஒருவரைத் தேடிக் கொடுப்பது ஒரு பெற்றோரால் முடியாத காரியமும் அல்ல.

எந்த வயதில் எந்தச் சிரிப்பு

நகைச்சுவையும் பல் முளைப்பதைப் போல ஒழுங்காகவே வருகிறது. ஒரு வயதுப் பிள்ளைக்குச் செருப்பைத் தலையில் வைத்தால் போதும், சிரித்துவிடும். மூன்று வயதிலே பூனையை "நாய்" என்று வேண்டுமென்றே பெயர் மாற்றிச் சொல்லிச் சிரிக்கும். ஆறு, ஏழு வயதளவிலேதான் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது பிள்ளைக்குப் பிடிபடுகிறது. விடுகதையின் சுவை அப்போதுதான் தொடங்குகிறது. "காலையிலே வெறும் வயிறு, மத்தியானம் நிறைந்த வயிறு, போவதோ அம்மாவின் முதுகிலே, அது என்ன?" என்று கேட்டால், ஐந்து வயதுப் பிள்ளை தம்பிப்பாப்பா என்று சொல்லும். எட்டு வயதுப் பிள்ளை கொழுந்துக்கூடை என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே எங்கேயாவது ஓடிப்போய் அதே விடுகதையை இன்னொரு பிள்ளையிடம் போடும்.

அந்த ஓட்டத்தைக் கவனியுங்கள். விடுகதை தெரிந்த பிள்ளையிடம் மற்றவர்களுக்குக் கொடுக்க ஒரு பொருள் இருக்கிறது. வெட்கப்படும் பிள்ளைக்குப் புதியவர்களிடம் முதல் வார்த்தை பேசுவதுதான் மலையாக இருக்கும். "உன் பேர் என்ன?" என்று கேட்பதைவிட "ஒரு விடுகதை போடட்டுமா?" என்று கேட்பது அதற்கு இலகு. விடையைத் தான் அறிந்திருக்கிறோம் என்ற தைரியம் கூடவே வருகிறது. எங்கள் பாட்டிமார் பிள்ளைக்காம்பரா வாசலிலும் இஸ்தோப்பிலும் இருந்து விடுகதை போட்டது பொழுதுபோக்குக்காகத்தான். ஆனால் பேசத் தயங்கும் பிள்ளைக்கு அது நல்ல பயிற்சியாகவும் அமைந்தது. இப்போது அந்த இஸ்தோப்பிலே கைத்தொலைபேசி இருக்கிறது. அது வேடிக்கை காட்டும், சேர்ந்து சிரிக்க அதனால் முடியாது.

வயதைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்லுக்கு எதிரான பொருளை வைத்துப் பேசும் கிண்டல் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. விளங்கத் தொடங்கிய பிறகும், அதிலே சிரிக்க என்ன இருக்கிறது என்பது ஒன்பது, பத்து வயதுவரை முழுதாகப் பிடிபடுவதில்லை. நாமோ, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் சொல்லிச் சிரிக்கிறோம். சொந்த வீட்டிலே, சொந்த ஊரிலே வளரும் பிள்ளை அதைத் தாங்கிக்கொள்ளும். வீடு ஓர் இரவிலே இல்லாமல் போனதைக் கண்ட பிள்ளைக்கு எதுவும் நடக்கலாம் என்று தெரியும். அந்தப் பிள்ளையிடம், "சேட்டை செய்தால் முகாமிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவோம்" என்று வேடிக்கையாகச் சொன்னாலும், அது அதை வேடிக்கையாக எடுப்பதில்லை. இரவிலே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கும் பிள்ளையின் பயத்துக்கு, பகலிலே நாம் சொன்ன ஒரு பகிடியும் காரணமாக இருக்கலாம்.

அட்டை கடித்த கதை

வன்னியிலே வளர்ந்த ஒரு பிள்ளை கினிகத்தேனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எமது பக்கம் நாட்டிலேயே மிகக் கூடிய மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. மழை என்றால் அட்டையும் கூடவே வரும். பாடசாலை போகும் வழியிலே அட்டை காலில் ஏறிவிட, பிள்ளை பயந்து அலறுகிறது. கூடப் போன பிள்ளைகள் எல்லாரும் சிரிக்கிறார்கள். இதுவரை தவறு ஒன்றும் இல்லை. அட்டையோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த அலறல் வேடிக்கைதான்.

அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஒருவன் சிரித்துக்கொண்டே குனிந்து, அட்டையைச் சுண்டிவிட்டு, "சவுக்காரம் தடவிட்டு வா, அப்புறம் ஏறாது" என்று சொல்லிக் கொடுத்தால், அந்தச் சிரிப்பு புதியவனை உள்ளே சேர்த்துக்கொண்டது. நாளைக்கு அவனே இன்னொரு புதியவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துச் சிரிப்பான். சிரித்துவிட்டு எல்லாரும் நடந்துபோய், மறுநாள் முதல் அவனுக்கு "அட்டை" என்றே பெயர் வைத்துவிட்டால், அது வேறு சிரிப்பு. அது அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

பேச்சு வழக்கிலும் இதுவே நடக்கிறது. கிளிநொச்சியிலே ஓடித் திரிந்த பிள்ளை "ஓம்" என்றும் "கதைக்கிறது" என்றும் சொல்லும். இங்கே "ஆமா" என்றும் "பேசுறது" என்றும் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் தாத்தா பாட்டி வன்னிக்குப் போனபோது, அவர்களுடைய மலையகப் பேச்சைக் கேட்டு அங்கே உள்ளவர்கள் சிரித்தார்கள். தோட்டக்காட்டார் என்ற சொல்லும் கூடவே விழுந்தது. இப்போது பேரப்பிள்ளை திரும்பி வந்தால் வன்னிப் பேச்சுக்கு இங்கே சிரிப்பு. இரண்டு ஊரிலும் அடி வாங்கும் இந்த நாக்கைப் பற்றிப் பெரியவர்களே வாய்விட்டுப் பேசினால் நல்லது. ஒரு மாலை வகுப்பிலே பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் "எங்கள் சொல்", மறுபக்கம் "உங்கள் சொல்" என்று எழுதவிட்டுப் பாருங்கள். நேற்று கேலிக்கு ஆளான பிள்ளை இன்று பத்துப் புதுச் சொற்களுக்குச் சொந்தக்காரனாக நிற்கும். சிரிப்பு இருக்கும், அது ஒருவன் தலையிலே விழாது.

முன்னோர் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தனர். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள் எட்டிலே நகையை முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்களைச் சொல்லும்போதோ எள்ளலைத்தான் முதலில் சொல்கிறது. திருக்குறளின் பண்புடைமை அதிகாரத்திலே இரண்டு குறள்கள் நிற்கின்றன. 995ஆம் குறள், விளையாட்டுக்குச் செய்தாலும் இகழ்ச்சி நோகவே செய்யும் என்கிறது. 999ஆம் குறள், பிறரோடு கூடி மகிழ முடியாதவருக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருண்டு கிடக்கிறது என்கிறது. சிரிப்பு வேண்டும், இகழ்ச்சி வேண்டாம் என்பதை ஒரே அதிகாரத்திற்குள் வைத்துவிட்டார் வள்ளுவர். புதிய வகுப்பறையின் கடைசி வாங்கிலே இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பகல் இருட்டு நன்றாகத் தெரியும்.

தன்னைத் தானே கேலி செய்யும் பிள்ளை

கனடா நாட்டு உளவியல் அறிஞர் றொட் மார்ட்டின் 2003ஆம் ஆண்டளவில் நகைச்சுவையை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். மற்றவர்களை மகிழவைத்து உறவை வளர்ப்பது ஒன்று. துன்பத்திலும் தன் மனத்தைத் தூக்கி நிறுத்துவது இன்னொன்று. பிறரைக் குத்திக் காயப்படுத்துவது மூன்றாவது. தன்னைத் தானே தாழ்த்தி மற்றவர்களைச் சிரிக்கவைப்பது நான்காவது. முதல் மூன்றையும் நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்வோம். நான்காவதுதான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஏனென்றால் அது மகிழ்ச்சியைப் போலவே இருக்கும்.

எமது கூத்துகளிலே கோமாளி வருவான். தன்னையே முட்டாளாக்கிக்கொள்வான், விழுவான், அடி வாங்குவான், சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். விடியும்போது கூத்து முடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு, மறுநாள் பெரட்டுக்குப் போய் மற்றவர்களைப் போல நிற்பான். அவனை ஒருவரும் முட்டாள் என்று எண்ணுவதில்லை. பாடசாலையிலே கோமாளியான பிள்ளைக்கு அரிதாரம் கழுவ இடம் இல்லை. "எங்க வீடுதான் வழுக்கிப் போயிருச்சே, நானும் வழுக்கிக் காட்டவா?" என்று கேட்டு ஒருநாள் வேண்டுமென்றே விழுந்து காட்டினான் என்று வையுங்கள். எல்லாரும் சிரித்தார்கள், முதன்முறையாக எல்லாக் கண்களும் அவன் பக்கம் திரும்பின. மறுநாளும் விழவேண்டும். மூன்றாம் நாள் அவன் விழாவிட்டால் யாராவது தள்ளிவிடுவார்கள், "நீதானே விழுவாய்" என்று.

இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேர் பொக்ஸ் என்பவரும் அவரோடு பணியாற்றியவர்களும் 11 முதல் 13 வயது வரையான 1,200க்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்தனர். ஒரு பாடசாலை ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் அதே பிள்ளைகளைக் கேட்டறிந்தனர். தன்னைத் தாழ்த்திச் சிரிக்கவைக்கும் பழக்கம் கூடிய பிள்ளைகளிடம், ஆண்டின் முடிவிலே தனிமையும் மனச்சோர்வும் கூடி, தன்மதிப்புக் குறைந்திருந்தது. ஏற்கெனவே மற்றவர்களின் தொல்லைக்கு ஆளான பிள்ளைகள், காலப்போக்கில் இந்தப் பழக்கத்திற்கே மேலும் தள்ளப்பட்டதையும், உறவு வளர்க்கும் நகைச்சுவை அவர்களிடம் குறைந்ததையும் கண்டனர். சக்கரம் போலச் சுற்றும் ஒரு பொறி அது. இன்னொன்றும் அவர்கள் கவனித்தார்கள்: நெருங்கிய நண்பர்கள் ஒருவரிடம் இருந்து ஒருவர் பெற்றுக்கொண்டது உறவு வளர்க்கும் நகைச்சுவையை மட்டுமே. ஆகவே நல்ல நண்பன் ஒருவன் கிடைத்தால் நல்ல சிரிப்பும் தொற்றிக்கொள்கிறது.

உங்கள் பிள்ளையின் சிரிப்பு எந்த வகை என்று எப்படி அறிவது? பாடசாலைக் கதைகளைச் சொல்லும்போது கேளுங்கள். வேடிக்கையின் முடிவிலே ஒவ்வொரு முறையும் அவனே அடி வாங்குகிறானா? இல்லை, சில நாட்களில் அவன் சொன்ன வேடிக்கைக்கு மற்றவன் இன்னொன்று சேர்த்தானா? பாடசாலையிலே கூட்டம் சேர்த்துச் சிரிக்கவைக்கும் பிள்ளை, மாலையிலே விளையாடக் கூப்பிட ஒருவரும் வராமல் தனியே இருக்கிறதா? தன் உடம்பையோ, உடுப்பையோ, வீட்டையோ, அப்பாவின் தொழிலையோ தானே பழித்துப் பேசுகிறதா? இவற்றுக்கெல்லாம் ஆம் என்று பதில் வந்தால், "சும்மா விளையாட்டுக்குத்தானே" என்று விட்டுவிடாதீர்கள்.

திட்டவும் வேண்டாம். சிரிக்கவைப்பது அந்தப் பிள்ளையிடம் உள்ள திறமை. அதைப் பறித்துவிட்டால் அதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. திறமையை வேறு பக்கம் திருப்பிவிடலாம். விழுந்து காட்டத் தெரிந்தவனுக்கு நடிக்கத் தெரியும். ஆடு நடப்பதை, பஸ் வளைவிலே சாய்வதை, கொடகொடவென்று மழை கூரைத்தகட்டிலே விழும்போது மனிதர் கத்திப் பேசுவதை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒரு சிறு நாடகத்திலே அவனுக்கு வேடிக்கை வேடத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். கோமாளிக்குக் கிடைக்கும் அரிதாரம் அப்போது அவனுக்கும் கிடைக்கிறது. நாடகம் முடிந்தால் கழுவிவிடலாம்.

இரண்டு மொழியிலே சிரிப்பது

கினிகத்தேனையைச் சுற்றிச் சிங்களக் கிராமங்களும் தமிழ்த் தோட்டங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் தனித்தனிப் பாடசாலைகளிலே. சந்திப்பது கடையிலும் பஸ் தரிப்பிலும் விளையாட்டு மைதானத்திலும். மொழி தெரியாத வெட்கம் இரண்டு பக்கமும் உண்டு. வெட்கத்தை உடைக்கச் சொற்களே உதவுகின்றன. சிங்களத்திலே "நயா" என்றால் நல்லபாம்பு. "நயா!" என்று ஒரு சிங்களப் பிள்ளை கத்தினால், தமிழ்ப் பிள்ளை நாயைத் தேடிக்கொண்டு நிற்கும். "ஏப்பா" என்று நாம் கூப்பிட்டால், அவர்கள் காதிலே "எபா", அதாவது வேண்டாம் என்று விழும். கூப்பிட்டவனே வேண்டாம் என்று சொல்வது போல இருந்தால் யாருக்குச் சிரிப்பு வராது? இப்படிப்பட்ட தடுமாற்றங்களில் இரண்டு பேரும் சமம். ஒருவர் உயர்ந்தவர், மற்றவர் தாழ்ந்தவர் என்று இல்லை.

தெனாலிராமன் கதை எமது பிள்ளைகளுக்குத் தெரியும். சிங்களப் பிள்ளைகளுக்கு அந்தரே என்ற அரசவை விகடகவியைத் தெரியும். அரசன் பாயிலே சீனியைக் காயவைத்திருக்கிறான். "இது என்ன?" என்று அந்தரே கேட்க, இவனிடம் இருந்து தப்பினால் போதும் என்று "மணல்" என்று சொல்லிவிடுகிறான் அரசன். அந்தரே வீட்டுக்குப் போய் மகனோடு ஒரு திட்டம் போடுகிறான். பிறகு அவன் அரசனோடு நிற்கும்போது, மகன் அழுதுகொண்டு ஓடிவந்து அம்மா இறந்துவிட்டாள் என்கிறான். "ஐயோ, இனி நமக்கு வாயிலே மண்தான்!" என்று ஒப்பாரி வைத்து, அப்பனும் மகனும் அந்த "மணலை" அள்ளி அள்ளி வாயிலே போட்டுக்கொள்கிறார்கள். வாயிலே மண் என்றால் என்ன என்று தமிழ்ப் பிள்ளைக்கு விளக்கவே தேவையில்லை. பாணுக்கும் சீனிக்கும் வரிசையிலே நின்ற பிள்ளைக்கு அந்தக் கதை இன்னும் நன்றாக விளங்கும். கடை வாசலிலே ஒரு சிங்களப் பிள்ளையிடம் "அந்தரே?" என்று கேட்டுவிட்டு, வாயிலே அள்ளிப் போடுவது போல நடித்தால் போதும்; இலக்கணம் எதுவும் தேவைப்படாது.

மட்டக்களப்பிலே யுத்த காலத்தில், 1996ஆம் ஆண்டு, யேசு சபைக் குருவாகிய போல் சற்குணநாயகம் அடிகளும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்ற இடத்தை ஏற்படுத்தினார்கள். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், ஓவியம் தீட்டினார்கள், கதை சொன்னார்கள், வேடம் போட்டு நடித்தார்கள். பிள்ளைகளை உட்காரவைத்து "உன் துயரத்தைச் சொல்" என்று கேட்பதைவிட, விளையாடவிட்டுக் காத்திருப்பது அவர்களது வழியாக இருந்தது. அப்படியொரு பூங்காவை நாம் கட்ட முடியாவிட்டாலும், சேறும் சிரிப்பும் எமது பக்கத்திலே குறைவில்லை.

துயரத்தைப் பற்றிய பகிடி

பிள்ளைகள் சில நேரம் மண்சரிவு விளையாட்டு விளையாடுகிறார்கள். மண்ணைக் குவித்து, தீப்பெட்டியை வீடாக வைத்து, "ஓடு, ஓடு, மலை வருது!" என்று கத்தி, தண்ணீர் ஊற்றிச் சரித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். உறவினரைப் பறிகொடுத்த பெரியவர்களுக்கு இது பொறுக்க முடியாத காட்சி. கை ஓங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். தங்களை ஆட்டிவைத்த ஒன்றை இப்போது தாங்கள் ஆட்டிவைக்கிறார்கள். எப்போது சரியவேண்டும் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. விளையாட்டு நாளுக்கு நாள் மாறி, யாராவது காப்பாற்றப்பட்டு, யாராவது தேநீர் கொடுத்து, புதிய வீடு கட்டப்பட்டால் கவலை வேண்டாம். ஒரே விதமாக, சிரிப்பும் இல்லாமல், மூச்சுப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே விளையாடும் பிள்ளையையும், மழைச்சத்தம் கேட்டாலே நடுங்கி, மாதக்கணக்காகத் தூக்கமின்றி இருக்கும் பிள்ளையையும் ஆசிரியரிடமும் வைத்தியரிடமும் காட்டவேண்டும்.

ஒருவருடைய இழப்பை இன்னொருவர் பகிடி செய்வது மட்டும் எந்த வயதிலும் கூடாது. தன் வீடு போனதைப் பற்றித் தானே சிரிக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. பக்கத்து வாங்குக்காரனுக்கு அது இல்லை. "நிவாரணச் சட்டை", "முகாம்காரன்" போன்ற பட்டப்பெயர்கள் வகுப்பிலே காதில் விழுந்தால் ஆசிரியர் அன்றைக்கே அதை நிறுத்தவேண்டும். பெற்றோர் போய்ச் சொல்வதற்குத் தயங்குகிறார்கள். வந்த இடத்திலே குறை சொல்வதா என்ற எண்ணம். பட்டப்பெயர் பத்து நாள் ஒட்டினால் பத்து வருடம் ஒட்டும் என்பதை லயத்திலே வாழ்ந்த எவரும் அறிவார்கள். சிலருடைய சொந்தப் பெயரைக் கலியாண அழைப்பிதழிலே பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்!

கூடிப் பேசுவதற்கு

மாதர் சங்கக் கூட்டத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ இதை வாசித்த பின், நீங்கள் சிறுவயதிலே யாரோடு அதிகம் சிரித்தீர்கள், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொருவரும் சொல்லத் தொடங்குங்கள். பேச்சு தானாக வளரும். பிறகு, உங்கள் வீட்டிலே பிள்ளைகளை எந்த எந்தப் பெயரால் கேலி செய்கிறீர்கள், அவற்றிலே எதைப் பிள்ளை உண்மையிலேயே விரும்புகிறது, எதற்கு முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் வந்திருந்தால், புதிதாக வந்த பிள்ளைகளை உங்கள் பிள்ளைகள் என்ன பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். விடை சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். பாட்டிமார் இருந்தால் ஆளுக்கு இரண்டு விடுகதை கேட்டு ஒரு கொப்பியிலே எழுதி, மாலை வகுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கிழமை பிள்ளை பாடசாலையால் வந்ததும், "என்ன படித்தாய்?" என்ற கேள்வியை ஒருநாள் தள்ளிவைத்து, "இன்றைக்கு யாரோடு சிரித்தாய்?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வந்தால், அந்தப் பிள்ளையின் வீடு எந்த டிவிசனிலே, எந்த லயத்திலே என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுடும்போது இரண்டு ரொட்டி கூடுதலாகச் சுட்டு, அந்தப் பிள்ளையையும் வரச்சொல்லுங்கள். பெயர் ஒன்றும் வராவிட்டால், அடுத்த கூட்டத்திலே அதைச் சொல்லுங்கள்; அதே வயதிலே பிள்ளை இருக்கும் இன்னொரு தாய் அங்கே இருப்பார்.